தாலி கட்டும் முன் பார்த்துக்கொள்ளலாமா?

உங்கள் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, திருச்சியில் மண்டபம், காலை 6.00 முதல் 7.30 வரை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாலையே ரிசப்ஷன் வைத்துவிடலாம் என்கிறார்கள். உங்கள் அப்பத்தா, "காப்புக் கட்டினதுக்கு அப்புறம் தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளை கண்ணுல படக் கூடாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். போட்டோகிராபர் திங்கள் விடியற்காலை 4.30 மணிக்கு மொட்டைமாடியில் 'ஃபர்ஸ்ட் லுக்' (அலங்காரத்தோடு இருவரும் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்ப்பதைப் பிடிக்கும் படம்) எடுக்கலாம், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: நிச்சயம் ஆனதிலிருந்து நீங்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே தடவை, இரண்டு தடவையும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கவலையாக இருக்கிறது.

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் கல்யாண வேலைகளை எடுத்து நடத்திக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் வருகிறது. என் பதில் இது. இன்றிலிருந்து காப்புக் கட்டும் நாள் வரை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை பாருங்கள், பேசுங்கள். ஞாயிறு மாலை ரிசப்ஷனில் சேர்ந்து நிற்கலாம், சில ஏற்பாடுகளோடு. திங்கள் காலை மட்டும், மணவறைக்கு வரும் வரை ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டில் இந்த மூன்றையும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை வருகிறது.

முதலில் அப்பத்தா சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது. காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, தனியாக வெளியே போகக் கூடாது என்பதெல்லாம் நம் பக்கத்து வீடுகளில் இன்றும் சொல்வதுதான். கையில் மஞ்சள் கட்டிய கயிறு ஏறிவிட்டால், கல்யாணம் முடிந்து அது அவிழும் வரைக்கும் அந்த ஆளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம். அந்தக் காலத்தில் பெண் ஒரு ஊர், மாப்பிள்ளை ஒரு ஊர். எல்லை தாண்டாவிட்டால் பார்த்துக்கொள்ளவும் முடியாது. 'வெளியே போகாதே' என்பதும் 'பார்க்காதே' என்பதும் நடைமுறையில் ஒன்றாகவே இருந்திருக்கும். இப்போது இரண்டு வீட்டாரும் முதல் நாள் மதியமே ஒரே மண்டபத்துக்குள் வந்து இறங்குகிறார்கள். பெண் அறை இடது பக்கம், மாப்பிள்ளை அறை வலது பக்கம், சாப்பாட்டுக் கூடம் பொது. எல்லை தாண்டாமலே பார்த்துக்கொள்ளலாம். அதனால் அப்பத்தாவின் கவலையை மதித்துக்கொண்டே பார்ப்பதற்கு வழி இருக்கிறது.

இன்னொரு காரணத்தைப் பெரியவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் அதுதான் பெரிய காரணம். "நாளைக்கு ஏதாவது தட்டிப்போச்சுன்னா பொண்ணு பேருதானே கெடும்." நிச்சயம் ஆகி நின்றுபோன கல்யாணங்களில் பழி பெண் மேல்தான் விழுந்தது, மாப்பிள்ளை அடுத்த தையில் வேறு பெண் பார்க்கப் போய்விடுவார். அந்த அநியாயத்தைப் பார்த்து வளர்ந்தவர் அப்பத்தா. அவர் பயம் கற்பனை இல்லை. ஆனால் அதற்கு மருந்து, கட்டிக்கொள்ளப்போகிறவரைத் தெரியாமலே கட்டிக்கொள்வது ஆகாது. பொருந்தாது என்று தெரிய வேண்டுமானால் முன்னாடியே தெரியட்டும்.

சரி, சடங்கு என்ன சொல்கிறது? பார்க்கக் கூடாது என்று சடங்கில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில், பார்ப்பதற்கென்று ஓர் இடம் ஒதுக்கித் தருவதுதான் சடங்கின் வேலையாக இருக்கிறது. ஆபஸ்தம்ப சூத்திரம் என்ற பழைய சடங்கு நூலைப் பின்பற்றும் பிராமணக் குடும்பங்களில், மணமகன் மணமகளைப் பார்ப்பதும் இருவர் கண்ணும் சந்திப்பதும் தனிச் சடங்காகவே உண்டு. அப்போது சொல்லும் மந்திரம் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம், 85ஆம் சூக்தத்தில் இருக்கிறது: உன் பார்வை கடுமையில்லாததாக இருக்கட்டும், கணவனுக்குக் கேடு செய்யாததாக இருக்கட்டும் என்பது அதன் பொருள். பிறகு மணமகன் ஒரு தர்ப்பையால் பெண்ணின் புருவ மத்தியைத் துடைத்து, அந்தத் தர்ப்பையை எறிந்துவிடுவார். கேடு ஏதாவது இருந்தால் அதோடு போயிற்று என்று கணக்கு. பெண்ணின் பார்வைக்கு மட்டும் இப்படிப் பயந்தது எனக்கு ஒப்பாத விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பார்வையைக் குறித்த பயம் அன்றைக்கும் இருந்திருக்கிறது, அதற்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை, பார்த்தே தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்று. அந்தச் சடங்குக்கு முன்னாலேயே அதே கல்யாணத்தில் காசி யாத்திரை முடிந்திருக்கும், இருவரும் மாமன்மார் தோளில் ஏறி மாலை மாற்றியிருப்பார்கள், ஊஞ்சலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாலும் பழமும் வாங்கியிருப்பார்கள். முதல் நாள் மாலை ஜானவாசமும், அதாவது மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலமும், நடந்திருக்கும். இத்தனை பார்வைக்குப் பிறகுதான் அந்தச் சடங்குப் பார்வை வருகிறது. அதற்கு முன் பார்த்ததனால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடுவதாக எந்த சாஸ்திரிகளும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் ஊரில் இருக்கும் நாயுடு, ரெட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் திரை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருவருக்கும் நடுவில் ஒரு துணி, சரியாக முகூர்த்த நேரத்தில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள், திரை விலகும். வங்காளிகள் பெண்ணின் கண்ணை வெற்றிலையால் மறைத்துக் கொண்டுவந்து, மாப்பிள்ளை முன்னால் வெற்றிலையை இறக்கச் சொல்வார்கள். முஸ்லிம் வீடுகளில் நிக்காஹ் நடக்கும்போது பெண் வேறு இடத்தில் இருப்பார். வக்கீலும் (பெண் சார்பில் பேசுபவர்) சாட்சிகளும் போய்ச் சம்மதம் கேட்டு வருவார்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் மாப்பிள்ளையைப் பெண்ணிடம் அழைத்துப் போவார்கள். ஆனால் பெண் கேட்கும் முன்பே அவளைப் பார்த்துக்கொள் என்று சொல்லும் நபிமொழியும் அவர்களிடம் உண்டு. கல்யாணத்தன்று மறைப்பதும், அதற்கு முன் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் ஒரே மரபுக்குள் சேர்ந்து இருக்கின்றன. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் கல்யாணத்தில், சடங்கெல்லாம் முடிந்த இரவில் புதுப்புடவைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பெண்ணின் முகத்தை மூடிய துணியை அவன் விலக்குகிறான், அவள் பயந்து மூச்சு விடுகிறாள். மணவறையில் இன்றும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வரும்.

சுயமரியாதைத் திருமணத்தில் இந்தப் பேச்சே கிடையாது. மணமக்கள் சேர்ந்தே மேடைக்கு வருவார்கள். நேரம் பார்ப்பதில்லை, திரையும் இல்லை. 1967இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, அதாவது இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, அந்தத் திருமணம் முழுக்கச் செல்லும்.

இனி உங்கள் விஷயம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள மாதங்கள்தான் உண்மையில் பார்க்க வேண்டிய காலம். தினமும் போனில் பேசுகிறோமே என்பீர்கள். பேசுங்கள், ஆனால் அது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. போனில் எல்லோரும் நல்லவர்கள். ஹோட்டலில் பரிமாறுகிறவர் தட்டை மாற்றிக் கொண்டுவந்து வைத்தால் அவரிடம் மாப்பிள்ளை எப்படிப் பேசுகிறார், உங்கள் தம்பியிடம் எப்படிப் பேசுகிறார், ஆட்டோ வர நேரமானால் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். அவருக்கும் உங்களைப் பற்றி அப்படித்தான்.

எங்கே சந்திப்பது? முக்கொம்பு என்றால் வீட்டில் விட மாட்டார்கள். கோயில் என்றால் விடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் பிராகாரங்களுக்குப் பஞ்சமில்லை. நடந்துகொண்டே பேசலாம், சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருக்கும், நீங்கள் பேசுவது யார் காதிலும் விழாது. கூட வரும் அத்தையைக் கொஞ்சம் முன்னால் நடக்கச் சொன்னால் போதும். என்.எஸ்.பி. ரோட்டில் முகூர்த்தப்பட்டு எடுக்கப் போகும் நாளில் அவரும் வரட்டும். புடவைக் கடையில் இரண்டு வீட்டுப் பெண்களும் மும்முரமாக இருக்கும்போது ஒரு காபி குடிக்கும் நேரம் தாராளமாகக் கிடைக்கும். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். மறைத்துச் செய்து பிறகு தெரிந்தால், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை அநியாயமாகக் குறையும்.

என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். அவருக்குக் கடன் இருக்கிறதா, அவர் சம்பளத்தில் அவர் வீட்டுக்கு எவ்வளவு போகிறது, உங்கள் சம்பளத்தில் உங்கள் அம்மா அப்பாவுக்குக் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் உண்டா, தனிக்குடித்தனமா கூட்டுக்குடித்தனமா, உங்கள் வேலை என்னாகும், குழந்தை எப்போது, நகை யார் பெயரில் லாக்கரில் இருக்கும், குடிப்பழக்கம் உண்டா, உங்களுக்கோ அவருக்கோ தைராய்டு, சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் அது. இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கல்யாணத்துக்கு நீங்க உங்க மனசாரத்தான் சரின்னு சொன்னீங்களா?" முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் வருவதற்குள் முகத்திலேயே தெரிந்துவிடும். உங்களையும் அவர் அதே கேள்வியைக் கேட்கட்டும். வேறொருவரை மனதில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பயந்து தலையாட்டியவர்களின் கல்யாணங்களுக்கும் நான் பந்தல் போட்டிருக்கிறேன். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேச யாராவது அவர்களை விட்டிருந்தால், இரண்டு குடும்பங்களுக்கு எவ்வளவோ கஷ்டம் குறைந்திருக்கும். பத்திரிகை அடித்த பிறகும் நிறுத்தலாம். பணம் போகும், பேச்சு வரும், ஆனால் ஒரு வாழ்க்கை தப்பும்.

அடுத்து ஞாயிறு மாலை. முதல் நாள் ரிசப்ஷன் எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அலுவலக நண்பர்கள் வர மாட்டார்கள். மண்டபத்தை ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் மதியம் வரை கொடுப்பார்கள், திங்கள் மாலை ரிசப்ஷன் என்றால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும், சமையலும் இன்னொரு வேளை கூடும். மாப்பிள்ளை வீட்டார் கேட்பதில் தப்பில்லை. அப்பத்தா கேட்பதோ வேறு: "தாலி கட்டாம ஜோடியா மேடையில நிக்கிறதாவது!" இந்த இரண்டுக்கும் நடுவில் நம் பக்கத்து வீடுகள் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ரிசப்ஷன் தொடங்கும் முன் அதே மேடையில் தாம்பூலம் மாற்றி, லக்னப் பத்திரிகை வாசித்துவிடுவார்கள். பெரியவர்கள் முறைப்படி சபையில் ஒப்புக்கொண்ட பிறகு ஜோடியாக நிற்பதாகக் கணக்கு. உங்களுக்கு நிச்சயம் முன்னமே முடிந்திருந்தாலும் தாம்பூலத்தை மட்டும் இன்னொரு முறை மாற்றிக்கொள்ளலாம், கால் மணி நேரம்தான் ஆகும். அப்பத்தா கையால் தட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மேடையில் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மாலை மாற்றச் சொல்லி யாராவது கேட்பார்கள், போட்டோகிராபர்தான் முதலில் கேட்பார். "சும்மா ஒரு போஸுக்கு" என்பார். வேண்டாம். மாலை மாற்றுவது நம் ஊரில் கல்யாணச் சடங்கு. சற்று முன் சொன்ன 7ஏ பிரிவு, திருமணம் நடந்ததற்கு அடையாளமாகச் சொல்லும் செயல்களில் ஒருவருக்கு ஒருவர் மாலையிடுவதும் ஒன்று. அதை மறுநாள் காலைக்கு வையுங்கள். ரிசப்ஷன் மாலையை உங்களுக்கு உங்கள் அத்தையும் அவருக்கு அவர் அக்காவும் போட்டுவிடட்டும். தோளில் கை போடுவது, கேக் ஊட்டிவிடுவது எல்லாம் உங்கள் இருவர் விருப்பம். ஆனால் எதற்குச் சரி, எதற்கு இல்லை என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, போட்டோகிராபரிடம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். மேடையில் நின்றுகொண்டு 'வேண்டாம்' என்று சொல்வது பெண்ணுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

ஜோடிப் படம் வேண்டும் என்றால் ஞாயிறு மாலையே எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் 4.30 முதல் 6.00 வரை. பெண் அழைப்பு 4.30க்கு முன் மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று பெரியவர்களே சொல்வார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் மேக்கப்புக்குச் சரியாக இருக்கும். ஆவணியில் திருச்சியில் சூரியன் மறைய ஏறத்தாழ 6.25 ஆகும். ராகுகாலம் முடிந்து, வெயில் தணிந்து, வெளிச்சம் இன்னும் இருக்கும் அந்த இருபது இருபத்தைந்து நிமிடம் படம் பிடிப்பவர்கள் ஏங்கும் நேரம். மழை வந்தால் மண்டபத்தின் போர்டிகோ போதும். ரிசப்ஷன் உடையில் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்ப்பதைப் படமாக்கப் போட்டோகிராபருக்கு ஆசை என்றால் அங்கே எடுத்துக்கொள்ளட்டும். மேடை ஏறும் முன் ஒரு ஐந்து நிமிடம், கேமரா இல்லாமல், உங்கள் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் இருவர் மட்டும் உட்காருங்கள். தோழி ஒருத்தி வாசலில் நிற்கட்டும். அதற்குப் பிறகு அடுத்த நாள் மதியம் வரைக்கும் உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

இப்போது அந்த விடியற்காலை 4.30. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசப்ஷன் முடியப் பத்தரை ஆகும், நகை கழற்றி, பூ எடுத்து, சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டும். 4.30க்கு மாடியில் நிற்க வேண்டும் என்றால் மேக்கப்புக்கு 1.30, 2 மணிக்கே உட்கார வேண்டும். தூங்காத கண்ணோடு, வெறும் வயிற்றோடு ஹோமப் புகையில் உட்காரப்போகிறீர்கள். மயங்கி விழுந்த பெண்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சரி, தூக்கத்தை விடுங்கள், வெளிச்சம்? அந்த மாதத்தில் சூரிய உதயமே ஆறு மணி சுமாருக்குத்தான். 4.30க்கு மாடியில் கும்மிருட்டு, வீடியோ லைட்டை முகத்தில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். உடை? கூறைப்புடவை உங்கள் கைக்கே வந்திருக்காது. அது தட்டில் வைத்து, சபையில் ஆசீர்வாதம் வாங்கி, மணவறையில்தான் கொடுப்பார்கள். மாடியில் அவர் பார்ப்பது, முந்தின நாள் மாலை மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்ற அதே பெண்ணை, வேறொரு புடவையில்.

வெளிநாட்டுத் தேவாலயக் கல்யாணங்களில் இந்த 'ஃபர்ஸ்ட் லுக்' வழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே சடங்கு பிற்பகலில். பீடத்தின் முன் மாப்பிள்ளை நிற்பார், பெண் அப்பா கையைப் பிடித்து நடந்து வருவார், அதுவே முதல் பார்வை. சடங்கு முடிந்து படம் எடுக்கப் போனால் விருந்தினர் காத்திருப்பார்கள், வெளிச்சமும் போய்விடும். அதனால் படத்தை முன்னாடியே முடித்துக்கொள்ள அந்தப் பார்வையை முன்னால் நகர்த்தினார்கள். பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ மாலை நான்கு மணிக்குத் தேவாலயத்தில் கல்யாணம் என்று கேட்கும் பெண்களிடம், தாராளமாக ஒரு மணி நேரம் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பாதிரியாரைப் பார்த்ததும் வரும் நடுக்கம் பாதி குறையும், படமும் முடிந்திருக்கும். பதிவாளர் அலுவலகக் கல்யாணத்துக்கும் அப்படியே. ஆறு மணி முகூர்த்தத்துக்கு அந்தக் காரணம் எதுவும் பொருந்தாது.

அதைவிட, உங்கள் கல்யாணத்திலேயே அந்தப் பார்வைக்கு இடம் இருக்கிறது. நாம்தான் அதைக் கெடுத்துவிடுகிறோம். வழக்கமாக என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் நீங்கள் ஒரு புடவையில் மணவறைக்கு வருவீர்கள். கூறைப்புடவைத் தட்டு சபை முழுக்கப் போய்வரும், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள், வாங்கிக்கொண்டு அறைக்குப் போவீர்கள். அங்கே கட்டுகிறவர், ஒட்டியாணம் மாட்டுகிறவர், தலையில் பூ வைக்கிறவர் என்று நான்கு பேர் சுற்றி நிற்பார்கள். அரை மணி நேரம் ஓடும். அதற்குள் ஐயர், "முகூர்த்தத்துக்கு நாழியாச்சு, பொண்ணை அழைச்சிட்டு வாங்க" என்று மைக்கில் இரண்டு தடவை சொல்லியிருப்பார். அவசர அவசரமாக, மணவறைக்குப் பின்னால் இருக்கும் படி வழியாக, இரண்டு பக்கமும் இருவர் கையைப் பிடித்து உங்களை அழைத்துவந்து அவர் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவர் முகம் கிழக்கே, உங்கள் முகமும் கிழக்கே. புகையில் அவர் கண் சிவந்திருக்கும். ஓரக் கண்ணில் அவருக்குத் தெரிவது ஒரு சரிகைக் கரையும் மருதாணிக் கையும்தான். தாலி கட்டத் திரும்பும்போது நீங்கள் தலை குனிந்திருப்பீர்கள், கெட்டிமேளம், அட்சதை மழை, சுற்றிலும் செல்போன்கள், மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார் கை நடுவில். அவ்வளவு பெரிய தருணத்தில் அவர் உங்களைப் பார்க்கவே இல்லை. பல மாப்பிள்ளைகள் ஆல்பத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இதை மாற்ற ஒரு நிமிடம் போதும். கூறை கட்டி வரும்போது பின்வழியாக வராதீர்கள். கூடத்தின் நடுவழியாக, முன்னால் இருக்கும் படியேறி வாருங்கள். உங்கள் தாய்மாமா கையைப் பிடித்து அழைத்துவரட்டும். மெதுவாக. தலையை நிமிர்த்தி. மணவறைக்கு முன் நின்று, அவரை எழுந்து நிற்கச் சொல்லி, நேருக்கு நேர் பார்த்துவிட்டுப் பிறகு வலம் வந்து உட்காருங்கள். முதல் நாளே ஐயரிடம் சொல்லிவிட்டால் அவரே மந்திரத்தை அதற்குத் தக்கபடி அமைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து எந்த ஐயரும் மறுத்ததில்லை, நேரத்தை மட்டும் கேட்பார்கள். 6.45க்குத் தாலி என்றால் 6.30க்குள் நீங்கள் படியேறிவிட வேண்டும், அதற்கு 5.50க்காவது கூறைத் தட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். சபை நடுவே போகும் தட்டை உங்கள் சித்தப்பா ஒருவர் கையில் கொடுத்து, அரட்டையில் நின்றுவிடாமல் சுற்றி வரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை 7.30க்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் பின்னால் தள்ளவும் இடமில்லை. ஒரு போட்டோகிராபர் பக்கவாட்டில் நின்றால் போதும், வீடியோக்காரர் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் பின்னோக்கி நடந்து வரக் கூடாது. முன் வரிசையில் இருப்பவர்களை எழுந்து நிற்காமல் இருக்கச் சொல்ல ஒரு அண்ணனை நிறுத்துங்கள்.

அப்பத்தாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அப்பத்தா, காப்புக் கட்டினா நான் வெளிய எங்கயும் போகல. ரிசப்ஷன்ல மாலை மாத்த மாட்டோம். கூறை கட்டி மணவறைக்கு வர்றப்பதான் அவரு என்னைப் பார்ப்பாரு. அதுக்கு முன்னாடி காலையில பார்க்கவே மாட்டோம், சரியா?" சாஸ்திரம் பேசி அவரை ஜெயிக்கப் போகாதீர்கள். அவருக்கு வேண்டியது, உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதும், தன் பேச்சுக்கு மரியாதை இருக்க வேண்டும் என்பதும். ரிசப்ஷன் மேடை ஏறும் முன் அவரே திருஷ்டி கழிக்கட்டும். அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது, மகன் தலையாட்டினால் அவர் இறங்கி வருவார்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே. மண்டபத்துக்குப் போய், மணமகள் அறையிலிருந்து கூடத்தின் நடுவழிக்கு வர எந்தக் கதவு, மேடைக்கு முன்பக்கம் படி இருக்கிறதா என்று பாருங்கள். பல மண்டபங்களில் படி பக்கவாட்டில்தான் இருக்கும், முன்னால் வேண்டுமென்றால் மரப்படி வைத்துத் தருவார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பூ அலங்காரக்காரரும் அந்த இடத்தில்தான் பெரிய பூத்தொட்டியையும் பெயர்ப் பலகையையும் கொண்டுவந்து வைப்பார். அங்கே மூன்று பேர் சேர்ந்து நடக்கும் அகலத்துக்கு வழி விடச் சொல்லி, அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.